பையனோட 110 டர்ட் பைக் கருப்பு புகை தள்ளுது, பிளக் கரி புடிக்குது – கார்புரேட்டர் ரிச்சா ஓடுறத எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கறது?

செம்மண்_ட்ராக்:
வணக்கமுங்க எல்லாருக்கும். பையனுக்கு 9 வயசாகுது, அவனுக்காக ஒரு 110 சிசி சைனா பிட் பைக் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனோமுங்க. ஃபோர் ஸ்ட்ரோக், கிக்கர் ஸ்டார்ட், கிளட்ச் லீவர் கெடையாது, பழைய ஹோண்டா கப் பைக் மாதிரி சிலிண்டர் படுத்த எஞ்சின். கார்புரேட்டர் பிஇசட்19 டைப். கோயமுத்தூர்ல எங்க தோட்டத்துல ஓட்டுறப்ப பிக்கப் கொஞ்சம் மந்தமா இருந்துச்சு, ஆனா ஓடுச்சு. லீவுக்கு கோத்தகிரில மச்சான் வீட்டுக்கு கொண்டு போனோம், அங்க போனதுல இருந்து ஆக்சிலேட்டர் முறுக்குனா ஏறவே மாட்டேங்குது, பாதி முறுக்குல பட பட பட படன்னு அடைச்சுக்கிட்டு ஓடுது, சைலன்சர்ல கருப்பு புகை, பக்கத்துல நின்னா பெட்ரோல் வாசம் கண்ண எரிக்குது. பிளக்க கழட்டுனா ஈரம் இல்ல, ஆனா மை தடவுன மாதிரி கரி.

காலைல சோக் போடாமயே ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆயிடுது, சூடானதுக்கு அப்பறம் தான் ஐடிலிங் நிக்காம ஆஃப் ஆகுது. கீழ விழுந்துட்டா திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருது. பையன் வந்து "நான் தான் சரியா ஓட்டலையாப்பா"ன்னு கேக்கறான், அது தான் மனசுக்கு கஷ்டமா இருக்குதுங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_கேரேஜ்:
அண்ணே மலைக்கு போனா காத்து கம்மி, பெட்ரோல் அதே அளவு தான் வரும், அப்ப காத்துக்கு பெட்ரோல் ஜாஸ்தியாகி ரிச் ஆகத்தான் செய்யும். மெயின் ஜெட்ட (பெட்ரோல அளவா விடற பித்தளை ஓட்டை) ரெண்டு சைஸ் கொறச்சு போடுங்க, சரியாப்போகும். இந்த கார்ப்புக்கு ஜெட் செட்டாவே கெடைக்கும், வெலையும் பெருசா இல்ல.

ஸ்பேனர்_செட்:
ஜெட்ல கைய வைக்காதீங்க சார், கொஞ்சம் பொறுங்க. மலைன்னால ரிச் ஆகும்ங்கறது உண்மை தான், ஆனா எவ்வளவு ஆகும்னு கணக்கு போட்டு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணலாம். கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டருக்கு கொஞ்சம் மேல, கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். காத்தோட அடர்த்தி கீழ இருக்கறத விட மேல சுமார் 12, 13 சதவீதம் கம்மி. ஆனா காத்து கொறையறப்ப வென்சூரில (கார்ப்போட குறுகலான காத்து வழி) உறிஞ்சற இழுப்பும் சேர்ந்தே கொறையுது, அதனால பெட்ரோலும் கொஞ்சம் கம்மியா தான் வரும். மொத்தத்துல கலவை ரிச் ஆகறது ஒரு 6, 7 சதவீதம் தான். 80 நம்பர் ஜெட் இருந்தா 78க்கு போனாலே அது சரியாயிடும். அந்த அளவுக்கு ரிச்சுக்கு பிக்கப் மந்தமாகும், லேசா அடைக்கும், அவ்வளவு தான். கண்ண எரிக்கற கருப்பு புகையும் மை மாதிரி பிளக்கும் அந்த 7 சதவீதத்துல வராது.

இன்னொரு விஷயம், கோயமுத்தூர்லயே மந்தமா இருந்துச்சுன்னு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, அது தான் முக்கியமான க்ளூ. கீழ இருக்கறப்பவே ஏதோ ஒண்ணு பெட்ரோல ஜாஸ்தியா விட்டுட்டு இருந்திருக்கு, மலைக்கு போனதும் அது தாங்கற எல்லைய தாண்டிருச்சு. அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபிடிக்காம சின்ன ஜெட் போட்டீங்கன்னா ஃபுல் முறுக்குல பெட்ரோல் பத்தாம லீனா ஓடும், ஐடிலிங்ல ரிச்சாவே இருக்கும், ரெண்டு கோளாறையும் தூக்கிக்கிட்டு அலையணும்.

மொதல்ல இத சொல்லுங்க. ரிச் எந்த முறுக்குல? ஹேண்டில் கிரிப்ல ஒரு துண்டு வெள்ள டேப் ஒட்டி கால், அரை, முக்கால், ஃபுல்னு கோடு போட்டுக்கோங்க. மூடுனதுல இருந்து அரைக்கால் வரைக்கும் ஸ்லோ ஜெட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும், அதுக்கு மேல கால் வரைக்கும் ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கற ஸ்லைடோட வெட்டு, கால்ல இருந்து முக்கால் வரைக்கும் ஸ்லைட்ல தொங்கற ஊசி, முக்காலுக்கு மேல தான் மெயின் ஜெட் பேசும். ஒரு எடத்துல மட்டும் அடைச்சா அந்த எடத்து பார்ட்ட பாக்கணும். எல்லா முறுக்குலயும் அடைச்சா அது ஜெட்டே இல்ல. ஃப்ளோட் லெவல் (கார்ப்போட அடிக் கப்புல மிதவை வெச்சு நிறுத்தற பெட்ரோல் மட்டம்), சோக், ஏர் ஃபில்டர் இந்த மூணுல ஒண்ணு.

டெஸ்ட் ரைடு ரோட்ல மட்டும் வேண்டாம். தோட்டத்துக்குள்ளயே வெச்சுக்கோங்க. சின்னப் பசங்க கைல வண்டி ரோட்டுக்கு வந்தா 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்பறம் பெத்தவங்களுக்கு 25,000 அபராதம், ஜெயில் வரைக்கும் போகும்.

செம்மண்_ட்ராக்:
ரொம்ப நன்றிங்க. டேப் ஒட்டி பாத்தேன். எல்லா முறுக்குலயுமே அடைக்குதுங்க, ஃபுல்லா முறுக்குனா மட்டும் கொஞ்சம் பரவால்ல. ஐடிலிங்ல தான் ரொம்ப மோசம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் டைப், கழட்டி மண்ணெண்ணெய்ல அலசி காய வெச்சு திரும்ப போட்டேன், பெரிய வித்தியாசம் இல்ல.

மதுரை_கேரேஜ்:
ஸ்பாஞ்ச்ல எண்ணெ எவ்வளவு போட்டீங்கண்ணே? எங்க பக்கம் பாதிப் பேரு சொட்ட சொட்ட எஞ்சின் ஆயில ஊத்தி மாட்டிருவாய்ங்க, காத்தே போகாது. புழிஞ்சு எடுத்தா கைல பிசுக்குன்னு மட்டும் இருக்கணும், சொட்டக் கூடாது.

செம்மண்_ட்ராக்:
நல்லா புழிஞ்சு தான் போட்டேனுங்க. ஃபில்டர் இல்லாமயும் ஒரு நிமிஷம் ஸ்டாண்ட்ல நிக்க வெச்சு ஓட்டிப் பாத்தேன், அப்பவும் புகை தான்.

ஸ்பேனர்_செட்:
அப்ப ஃபில்டர் இல்ல. ஃபில்டர கழட்டியாச்சுல்ல, அந்த வாய் வழியா டார்ச் அடிச்சு சோக் தகடு முழுசா படுத்து காத்து வழி திறக்குதான்னு பாருங்க. இந்த கார்ப்ல சோக் லீவர் மேலயா கீழயான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, லீவர நம்பாம தகட கண்ணால பாத்து முடிவு பண்ணுங்க. லீவர் போல்ட் லூசாகி ஓடுற அதிர்வுல தானா பாதி மூடிக்கறதும் உண்டு.

அடுத்தது பெட்ரோல் டேப் (டேங்குல இருந்து பெட்ரோல் வர்ற திருகு) டெஸ்ட். வண்டி நல்லா சூடானதும் வெட்டவெளில வெச்சு, ஆக்சிலேட்டர கால்வாசி பிடிச்சுக்கிட்டே பெட்ரோல் டேப்ப மூடுங்க. கார்ப் கப்புல இருக்கற பெட்ரோல் கொறைய கொறைய கலவை லீன் ஆகிட்டே வரும். ஆஃப் ஆகறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அந்த பட பட போயி சத்தம் சுத்தமா ஏறுச்சுன்னா ரிச்ங்கறது உறுதி, அடுத்து சந்தேகப்பட வேண்டியது ஃப்ளோட் லெவல தான். டேப் மூடுனதும் நேரா தடுமாறி நின்னுச்சுன்னா வேற கதை, அப்ப கரண்டு பக்கம் பாக்கணும். ஸ்பார்க் வீக்கா இருந்தாலும் எரியாத பெட்ரோல் பிளக்ல கரியா படியும், பாக்கறதுக்கு அச்சு அசல் ரிச் மாதிரியே இருக்கும். பழைய பிளக்க வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, ஏ7டிசி இல்லன்னா என்ஜிகே சி7எச்எஸ்ஏ, கேப் 0.6 மி.மீ வெச்சு புதுசு போட்டுட்டு பாருங்க. வண்டி ஷெட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணவே கூடாது, ரிச்சா ஓடுற வண்டில கார்பன் மோனாக்சைடு ரொம்ப ஜாஸ்தி, பையன் பக்கத்துல நிப்பான்.

மலைப்பாதை:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் தானே, அதனால கூட இப்படி ஆகலாம்ல? என் பழைய ஸ்கூட்டர்ல கூட மைலேஜ் போச்சு.

ஸ்பேனர்_செட்:
எத்தனால்னால ரிச் ஆகாதுங்க, நேர் எதிர். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு, சுத்தமான பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும்னா இ20க்கு சுமார் 13.5 போதும். அதே ஜெட்ல இ20 ஊத்துனா வண்டி லீன் பக்கம் தான் சாயும். ஆனா வேற வழில தொந்தரவு குடுக்கும். பழைய ரப்பர் ஓ ரிங்கு, கேஸ்கெட்டு, ஃப்ளோட் ஊசியோட (கப்புக்கு பெட்ரோல் வர்ற வழிய மூடற ஊசி) ரப்பர் முனை இதெல்லாம் தரம் கம்மின்னா ஊறிப் போகும், அப்ப ஊசி சரியா மூடாது. தண்ணியையும் இழுக்கும், அதனால மாசக்கணக்குல நிக்கற வண்டில கப்ப காலி பண்ணிட்டு நிறுத்தறது நல்லது. குழந்தைங்க வண்டி லீவுக்கு லீவு தான் ஓடுது, அதுக்கு இது கட்டாயம்.

செம்மண்_ட்ராக்:
புது பிளக் போட்டேனுங்க, தோட்டத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வர்றதுக்குள்ள திரும்ப கரி. சோக் தகடு நல்லா தான் படுக்குது. டேப் டெஸ்ட் நீங்க சொன்ன மாதிரியே, மூடுன கொஞ்ச நேரத்துல அப்படியே சத்தம் மாறி சும்மா விர்ர்ருன்னு ஏறுச்சு பாருங்க, பையன் உள்ள இருந்து ஓடி வந்துட்டான் சரியாயிருச்சான்னு கேட்டுக்கிட்டு. அப்பறம் நின்னுருச்சு.

வடலி_ரொறன்ரோ:
வணக்கம். நான் கனடாவில இருக்கிறன், மகளுக்கு ஒரு 50 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வச்சிருக்கிறம், இஞ்ச குளிர் காலத்தில காத்து அடர்த்தி கூட எண்டபடியால் எங்களுக்கு வாறது முழுக்க லீன் பிரச்சினைதான். ஆனா போன கோடையில உங்கட மாதிரியே கறுப்புப் புகை வந்தது. பாத்தால் மிதவைக்குள்ள (ஃப்ளோட்) பெற்றோல் போயிருந்தது. மிதவை பாரமானால் மேல எழும்பாது, ஊசியை நேரத்துக்கு மூடாது, கோப்பையில (கப்) மட்டம் கூடிப் போகும், பிறகு எல்லா ஜெட்டிலயும் தேவைக்கு மேல இழுபடும்.

கழட்டுறதுக்கு முதல் மட்டத்தை ஒருக்கா பாத்துக் கொள்ளுங்கோ. கோப்பையின்ர அடியில இருக்கிற ட்ரெயின் வாயில ஒரு கண்ணாடி மாதிரித் தெரியிற குழாயைச் செருகி, குழாயை மேல வளைச்சு கார்ப்புக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறவுங்கோ. பைக் நிமிர்ந்து நிக்க வேணும். குழாயில பெற்றோல் எந்த உயரத்தில நிக்குதோ அதுதான் உள்ளுக்கு இருக்கிற மட்டம். கோப்பையும் உடம்பும் சேருற கேஸ்கெட் கோட்டுக்குச் சில மி.மீ கீழ நிண்டால் நல்லம். கோட்டுக்கு மேல நிண்டால் அதுதான் உங்கட வருத்தம்.

இன்னொண்டு, எஞ்சின் ஒயில் டிப்ஸ்டிக்கைக் கழட்டி மணந்து பாருங்கோ. மட்டம் கூடின கார்ப்பில, பெற்றோல் டாப்பை மூடாமல் விட்டால் ராத்திரி முழுக்க ஒழுகி சிலிண்டருக்குள்ள இறங்கி ஒயிலோட கலந்துவிடும். ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெற்றோல் மணம் வந்தாலோ அந்த ஒயிலோட ஓடவே வேண்டாம்.

மதுரை_கேரேஜ்:
இது நல்ல ஐடியாண்ணே, ட்யூப் வெச்சு பாக்கறது. நான் இதுவரைக்கும் ஓவர்ஃப்ளோ பைப்புல சொட்டுதான்னு மட்டும் தான் பாப்பேன். ஆனா அதுல சொட்டாமயே லெவல் ஜாஸ்தியா நிக்க சான்ஸ் இருக்குல்ல.

ஸ்பேனர்_செட்:
ஆமா, அது தான் பல பேர ஏமாத்தறது. ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்கு கொஞ்சம் கீழ நின்னாலும் சொட்டாது, ஆனா இவ்வளவு சின்ன கார்ப்ல ரெண்டு மூணு மி.மீ ஏறுனாலே ஐடிலிங்க கெடுக்கும். ஐடிலிங்ல உறிஞ்சற இழுப்பு கம்மி, அதனால லெவல் ஏறுனா மொதல்ல அடி வாங்கறது அது தான். நீங்க சொன்னதும் அப்படியே பொருந்துது, ஐடிலிங் ரொம்ப மோசம், ஃபுல் முறுக்குல பரவால்லன்னீங்க.

செம்மண்_ட்ராக்:
ட்யூப் வெச்சு பாத்தாச்சுங்க. கேஸ்கெட் கோட்டுக்கு மேலயே நிக்குது. கப்ப கழட்டுனேன், வெள்ளை பிளாஸ்டிக் ஃப்ளோட், காதுகிட்ட வெச்சு ஆட்டுனா உள்ள சலக் சலக்குங்குது. ஊசி முனையில சுத்தி ஒரு வரி விழுந்திருக்கு. ஆயில மோந்து பாத்தேன், பெட்ரோல் வாசம் நல்லாவே அடிக்குது, லெவலும் மேல் கோட்ட தாண்டி நிக்குதுங்க. அந்த ரொறன்ரோ அண்ணன் சொல்லலீன்னா ஆயில் பக்கம் போயிருக்கவே மாட்டேன். ஃப்ளோட்ல எங்க ஓட்டைன்னு கண்ணுக்கு தெரியல, ஃபெவிகுவிக் வெச்சு ஒட்டிரலாமுங்களா?

வடலி_ரொறன்ரோ:
ஓட்டையைக் காணுறதுக்கு ஒரு வழி இருக்கு. முதல் பெற்றோல் முழுக்க ஆவியாகிற மட்டும் வெளியில காய விடுங்கோ, பிறகு அடுப்புக்கும் நெருப்புக்கும் தூரமா ஒரு பாத்திரத்தில சுடுதண்ணி எடுத்து மிதவையை அமத்திப் பிடியுங்கோ. உள்ளுக்கு இருக்கிற காத்து விரிஞ்சு ஓட்டையால குமிழி குமிழியா வரும். ஆனா ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக்கில போடுற பசை பெற்றோலில ஊறிக் கழண்டுவிடும், பசையின்ர பாரமே மட்டத்தை மாத்திவிடும். பழைய பித்தளை மிதவை எண்டால் ஈயம் வச்சுப் பத்தலாம், இதுக்குப் புதுசுதான் வழி.

ஸ்பேனர்_செட்:
ஃப்ளோட், ஊசி, கப் கேஸ்கெட் மூணும் ரிப்பேர் கிட்டாவே கெடைக்கும், மூணையும் மாத்துங்க. வரி விழுந்த ஊசிய திரும்ப போடாதீங்க. ஊசி உக்கார்ற பித்தளை சீட்ட பட்ஸ் வெச்சு தொடச்சு மினுமினுன்னு இருக்கான்னு பாருங்க. புது ஃப்ளோட்ல தகடு நாக்கு இருந்தா லேசா வளைச்சு லெவல் வெச்சுக்கலாம், முழுக்க பிளாஸ்டிக்னா வளைக்க முடியாது, திரும்ப ட்யூப் டெஸ்ட் பண்ணி பாத்துக்கோங்க.

கழட்டுனது கழட்டிட்டீங்க, மெயின் ஜெட்டுக்கு மேல இருக்கற நீளமான பித்தளை ட்யூப்ப எடுத்து அதுல பக்கவாட்டுல இருக்கற பொடி ஓட்டையெல்லாம் வெளிச்சத்துல பாருங்க. அது வழியா தான் காத்து வந்து பெட்ரோல்ல கலந்து நுரையா போகுது. அந்த காத்து வழி அடைச்சா ஜெட் சரியான நம்பரா இருந்தாலும் ரிச் தான். பெட்ரோல் வழி அடைச்சா லீன், காத்து வழி அடைச்சா ரிச். கார்ப் க்ளீனர் அடிச்சு கம்ப்ரஸர் காத்து விடுங்க, ஸ்டீல் கம்பிய உள்ள விடவே கூடாது, பித்தளை மெல்லிசு, ஓட்டை ஒரு இழை பெருசானாலும் அந்த ஜெட் போச்சு.

டூஸ்ட்ரோக்_49:
நானும் இத படிச்சுட்டு இருந்தேன், என் பொண்ணுக்கு 49 சிசி டூ ஸ்ட்ரோக் மினி பைக். அதுலயும் புகை ஜாஸ்தி. கடைல ஆயில கம்மி பண்ணி கலக்க சொல்றாங்க, பண்ணலாமா?

ஸ்பேனர்_செட்:
தயவு செஞ்சு பண்ணிடாதீங்க. புகை என்ன கலர்னு மொதல்ல பாருங்க. நீலமோ வெள்ளையோ வந்தா அது ஆயில், ஓரளவுக்கு டூ ஸ்ட்ரோக்ல இருக்கறது தான். கருப்பா மசியா வந்தா தான் பெட்ரோல் ஜாஸ்தி. ஆயில கொறைச்சா ஜெட் வழியா போற திரவத்துல பெட்ரோல் பங்கு கூடுது, அதாவது இன்னும் ரிச் ஆகும், அதோட பிஸ்டனுக்கு எண்ணெயும் போகாம எஞ்சின் இறுகி சீஸ் ஆகும். ரெண்டு பக்கமும் நஷ்டம். உங்க மேனுவல்ல 40க்கு 1னு போட்டிருந்தா லிட்டருக்கு 25 மில்லி, அத அளந்து ஊத்துங்க, மூடில ஊத்தி கண் அளவுல வேண்டாம். சின்னக் குழந்தை ஓட்டுற வண்டி, ஓடுறப்ப எஞ்சின் சீஸ் ஆனா பின் வீல் அப்படியே லாக் ஆகும்.

செம்மண்_ட்ராக்:
கிட் வாங்கி போட்டாச்சுங்க, ஆயிலும் மாத்துனேன். இப்ப ட்யூப்ல கோட்டுக்கு கீழ நிக்குது. ஐடிலிங் கெட்டியா நிக்குது, கருப்பு புகை சுத்தமா இல்ல. கோத்தகிரிக்கு திரும்ப கொண்டு போயி பாத்தோம், ஏத்தத்துல ரெண்டாவது கியர்லயே இழுக்குது. பையன் எறங்கவே மாட்டேங்கறான், சாப்பாட்டுக்கு கூப்பிட்டு கூப்பிட்டு அவங்க அம்மாவுக்கு தொண்டை போச்சு. ஒண்ணே ஒண்ணு தான், பாதி முறுக்குல ஒரே சீரா புடிச்சு போறப்ப லேசா அந்த அடைப்பு சத்தம் இருக்கு. கோயமுத்தூர்ல அது இல்ல. பிளக் இப்ப காப்பிக்கொட்டை கலர்ல இருந்து கொஞ்சம் கருப்பு.

மதுரை_கேரேஜ்:
சூப்பர்ண்ணே. மெயின் ஜெட்ட மாத்துங்கன்னு நான் சொன்னத நீங்க செஞ்சிருந்தா ஃப்ளோட் ஓட்டை அப்படியே இருந்திருக்கும், பெட்ரோல் ஆயில்ல எறங்கிக்கிட்டே இருந்திருக்கும். ஸ்பேனர் அண்ணன் சொன்ன ஆர்டர் தான் கரெக்டு.

ஸ்பேனர்_செட்:
இப்ப மிச்சம் இருக்கறது அந்த 7 சதவீதம் தான், மலையோடது. பாதி முறுக்குன்னா ஸ்லைடோட ஊசி, ஃப்ளோட் ஊசி இல்ல. ஸ்லைட வெளிய எடுத்தா ஊசி தலைல வரி வரியா இருக்கும், கிளிப் எதுல இருக்குன்னு மொதல்ல போட்டோ எடுத்துக்கோங்க. கிளிப்ப ஒரு வரி மேல ஏத்துங்க. கிளிப் மேல போனா ஊசி கீழ எறங்கும், கலவை லீன் ஆகும், இத மாத்தி புரிஞ்சுக்கறவங்க நெறைய. உங்க ஊசில ஒரே ஒரு வரி தான் இருக்குன்னா அத விட்டுருங்க.

அப்பறம் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. அது ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா காத்து ஸ்க்ரூ, வெளிய திருப்புனா லீன். எஞ்சின் பக்கம் இருந்தா பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ள திருப்புனா லீன். சூடான எஞ்சின்ல கால் கால் சுத்தா திருப்பி எங்க ஐடிலிங் அதிகமா ஏறுதோ அங்க நிறுத்துங்க, அப்பறம் ஐடில் ஸ்க்ரூவால ஆர்பிஎம்ம கொறைச்சுக்கோங்க. டேப்பட் கேப்பும் (வால்வு இடைவெளி) ஒரு தடவ பாத்துருங்க, இந்த எஞ்சினுக்கு எஞ்சின் ஆறுனதுக்கு அப்பறம் ரெண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. டைட்டா இருந்தா கம்ப்ரஷன் கசிஞ்சு என்ன ட்யூன் பண்ணாலும் உக்காராது.

ஒரு வரிக்கு மேல லீன் பக்கம் போகாதீங்க. ஆக்சிலேட்டர விட்டதும் ஆர்பிஎம் உடனே எறங்காம தொங்குதுன்னா, சைலன்சர்ல பட் பட்டுன்னு வெடிக்குதுன்னா, பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துச்சுன்னா திரும்ப பழைய வரிக்கே வந்துருங்க. காத்துல குளிர்ற சின்ன எஞ்சின், லீன்ல சூடு தாங்காது, லேசா ரிச்சா ஓடுறது எவ்வளவோ மேல்.

செம்மண்_ட்ராக்:
கிளிப் மேல இருந்து மூணாவது வரில இருந்துச்சு, ரெண்டாவதுக்கு மாத்திட்டேனுங்க, பாதி முறுக்கு சுத்தம். கோயமுத்தூருக்கு எறக்குறப்ப திரும்ப மூணுக்கே மாத்தணுமுங்களா?

ஸ்பேனர்_செட்:
ஆமா, மாத்திருங்க, கீழ காத்து ஜாஸ்தி, அதே வரில விட்டா லீன் ஆகும். மார்க்கர்ல எழுதி வெச்சுக்கோங்க, மலைக்கு 2, கீழ 3ன்னு.

வடலி_ரொறன்ரோ:
பிக்கப் வாகனத்தில ஏத்திக் கொண்டு போகேக்க பெற்றோல் டாப்பை மூடிப்போட்டு ஏத்துங்கோ, வளைவில கார்ப் ஆடி ஆடி ஊசி திறந்து திறந்து திரும்பவும் ஒயிலுக்குள்ள இறங்கும். இறக்கின உடன ஸ்டார்ட் பண்ண முதல் டிப்ஸ்டிக்கை ஒருக்கா மணந்து பாருங்கோ.

செம்மண்_ட்ராக்:
சரிங்க அண்ணா, டேப் மூடுற வேலைய பையனுக்கே குடுத்துட்டேன், ஓட்டி முடிச்சு எறங்குனதும் ஹெல்மெட் கழட்டறதுக்கு முன்னாடி அவன் கையால மூடணும்னு.